தையற்காரர் தாண்டிய வரி

எங்கள் தெருவில் மதங்களைப் படித்தே தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஐந்து மதங்களின் வேதமும் தலைகீழ்ப் பாடம். வீட்டுச் சாவி மட்டும் எங்கே என்று தெரியாது. குளிக்கும்போதுகூட எதையாவது ஓதுவதால் 'முணுமுணுப்பு' என்று பெயர். அதைக் கேட்டுக் கேட்டே அவர் வீட்டுப் பூனை எலி பிடிப்பதை விட்டுவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன்.

போர் வந்ததும் தெருவுக்கே காது நீண்டது. எதிரி நாட்டாரின் மதத்தைச் சேர்ந்த தையற்காரர், மாலையில் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு புரியாத பாஷையில் ஏதோ வாசிப்பார். விமானத்துக்குத் தகவல் போகிறது என்றார் தெருச் சங்கச் செயலாளர். கடையைக் கொளுத்த ஆள் சேர்ந்தது.

"உங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியுமே, சார். சத்தம் போடாம கேட்டுச் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார் செயலாளர் பேராசிரியரிடம்.

அந்த 'மத்தது' முணுமுணுப்புக்கு உதைத்தது. ஆனாலும் போனார், தான் மறுத்தால் பாஷை தெரியாதவன் எவனாவது போய்க் கேட்பானே என்று. கதவில் காதை வைத்தார். பின்னால் தெருவே மூச்சடக்கி நின்றது. உள்ளே தையற்காரர் வாசிக்கும் வேகத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டார். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? விட்டுப்போன வரியைக் கணீரென்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உள்ளே சத்தம் நின்றது.

"ஓஹோ, நீங்களும் கூட்டா?" என்றார் செயலாளர்.

"வேதம்யா அது. செத்தவங்களுக்காகப் படிக்கிறது."

"எந்தப் பக்கம் செத்தவங்க?"

"பக்கம் எதுவும் சொல்லலை."

"நம்ம பக்கம்னு சொல்லிடுங்க சார், விட்டுடறோம்" என்றது ஒரு குரல்.

"இல்லாததை நான் சொன்னா, நாளைக்கு இன்னொருத்தன் எதிரிப் பக்கம்னு சொல்லுவான். அதையும் நம்புவீங்க."

பேராசிரியரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "கொளுத்தறதுன்னா சொல்லிட்டுக் கொளுத்துங்க. தைக்கக் குடுத்த துணி உள்ள இருக்கு. இந்த மனுஷனும் உள்ளதான் போகப்போறார், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. "நீங்க அவங்க ஆளா, சார்?" என்றார் தையற்காரர்.

"நான் எடுத்துக் குடுத்த வரி சரியா?"

"சரிதான்."

"அப்ப உட்கார விடுங்க. கதவைத் திறந்துவெச்சுப் படிங்க, நான் அர்த்தம் சொல்றேன்."

தையல் மிஷின் பக்கத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் தினமும் அப்படியே. கடை மேல் யாரும் கை வைக்கவில்லை. செயலாளர் மட்டும் தவறாமல் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

ஒரு நாள் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "அந்த வரிக்கு எப்பக் கேட்டாலும் அதே அர்த்தம்தான் சொல்றாரு. பலமா ஒத்திகை பாத்திருக்காரு, அக்கா."