இரண்டு போன்கள் பார்த்த ஒரு பல்

பல்லக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கும் கடைக்காரர்களுக்கும் பல் டாக்டருக்கும் அவள் பல்லக்காதான்.

பல் டாக்டர்கள் பல்லைக் குடைவார்கள், ராவுவார்கள், கடைசியில் அதன் மேல் ஒரு கேப் மாட்டி அனுப்புவார்கள். அந்தக் கேப்பை யார் செய்தார்கள் என்று நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருக்கும் ஒருவரும் கேட்பதில்லை. செய்கிறவள் இவள். வீட்டின் பின்னறையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை, மூலையில் சின்ன உலை, சுவரோரம் பிளாஸ்டர் மாவு டப்பாக்கள். டாக்டர் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டரை ஊற்றி எடுத்து, பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் பூச்சுக்கு மேல் பூச்சாக வைத்து, உலையில் சுட்டு எடுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. பஸ்ஸில் யாராவது கொட்டாவி விட்டால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் எட்டிப் பார்ப்பாள்.

பல் என்றால் வெள்ளை என்பது பற்பசை விற்கிறவன் கட்டிவிட்ட கதை. பல்லக்காவின் மேஜை இழுப்பறையில் பதினாறு குச்சிகள் உண்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பல், ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஊரில் இருக்கிற எல்லா வாயும் இந்தப் பதினாறுக்குள் அடக்கம். அவளும் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவரும் முதன்முதலாகச் சந்தித்தபோது, அந்த மனிதர் வெட்கத்தோடு சிரித்திருக்கிறார். 'ஏ-மூன்று' என்று இவள் மனதுக்குள் எண்ணினாளாம். அதற்கப்புறம்தான் ஆள் எப்படி என்று பார்த்தாளாம். இதை அவளே சொல்வாள், அவர் எதிரிலேயே சொல்வாள்.

வந்த வினை ஒரு முன்பல்லால் வந்தது. மழலைப் பள்ளி டீச்சர் ஒருத்திக்கு ஊஞ்சல் பலகை வாயில் இடித்து, மேல்வரிசை முன்பல் பாதி உடைந்து போனது. கடைவாய்ப் பல்லில் நிறம் கொஞ்சம் பிசகினால் யாருக்கும் தெரியாது. முன்பல் அப்படியா? வாயைத் திறந்தாலே வாசலில் நிற்கும். மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கும் பெண், டீச்சரின் பல் பக்கத்தில் நிறக்குச்சியைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்து பல்லக்கா கேப் செய்தாள். திரும்பி வந்தது. வெளுப்பு அதிகமாம். மறுபடி படம், மறுபடி கேப், மறுபடி திரும்பி வந்தது. மறுபடியும் வெளுப்பாம்.

டாக்டர் தானே போன் செய்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட பல்லக்கா தாங்கியிருப்பாள். ஆனால் அவர் தணிந்த குரலில் பேசினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தம்மா மூணு மாசமா மாஸ்க் போட்டுக்கிட்டுதான் பாடம் எடுக்கறாங்க. பசங்க முன்னாடி சிரிக்கிறதையே விட்டுட்டாங்க. இன்னும் ஒரு தடவை பாப்போம். இதுவும் சரியா வரலைன்னா, எல்லா வேலையும் வெளியூர் லேபுக்கு அனுப்பறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

எல்லா வேலையும். பல்லக்காவிடம் வரும் பத்து வாயில் எட்டு வாய் அந்த டாக்டருடையது. போனை வைத்துவிட்டு இரண்டு கேப்பையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். கை தவறவில்லை, உலை தவறவில்லை. அப்படியென்றால் கண்ணா? கண் போய்விட்டதோ என்ற பயம் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு வந்தது. ராத்திரி கணவரிடம் சொன்னாள்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. உன் போனைப் பாரு, பிளாஸ்டர்ல முங்கி எழுந்த போன். அதுல என்னைப் பாத்தாலே மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி இருக்கேன்" என்றார் கணவர்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெம்பாக இருந்தது. பழைய போன் படத்தை மஞ்சளாகக் காட்டியிருக்கும், தானும் அதை ஈடுகட்டப் போய் அளவுக்கு மேல் வெளுப்பாகச் செய்திருப்போம். புதுப் போன் வாங்குவது, இந்தத் தடவை நேரே போய்த் தன் கையாலேயே படம் எடுப்பது என்று முடிவு செய்தாள். நேரில் பார்த்தால் போதாதா, படம் எதற்கு என்று கேட்கலாம். ஒரே பல்லிலேயே ஈறோரம் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம், விளிம்பில் ஒரு நிறம். கண்ணால் கண்டதை பஸ் ஏறி வீடு வருவதற்குள் மனது தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

கொழுந்தன் போன் கடை வைத்திருக்கிறார். வாய்ச்சொல்லில் வீரர், ஆனால் அண்ணி என்றால் அடக்கம். ஒரே கம்பெனியின் இரண்டு போன்களை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டுமே நம்மைப் போன்றவர்கள் வாங்கக் கூடியவை. ஒன்று விலை கொஞ்சம் கூட, மற்றது கொஞ்சம் குறைவு. பார்வைக்கு ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.

"அண்ணி, இவன் பெரியவன், இவன் சின்னவன். பெரியவன்ல மூணு கேமரா. சின்னவன்ல ரெண்டு, அதுலயும் ஒண்ணு சும்மா பேருக்கு. ரெண்டு நாள் வெச்சு பாருங்க. ஆனா கேட்டா நான் பெரியவனைத்தான் சொல்லுவேன்."

"நீங்க எப்பவுமே விலை கூடினதைத்தான் சொல்லுவீங்க."

"அது தொழில் தர்மம் அண்ணி."

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பிடித்துப் பார்க்கலாம். பல்லக்கா மறுநாள் காலை பதினொரு மணிக்கு, ஜன்னல் வெளிச்சம் சரியாக விழும் நேரத்தில், பதினாறு குச்சிகளையும் சாம்பல் நிறத் துணியில் வரிசையாகப் பரப்பினாள். பெரியவனால் ஒரு படம், சின்னவனால் ஒரு படம். பெரியவன் எடுத்தது அற்புதமாக இருந்தது. பதினாறும் பதினாறாகத் தெரிந்தன. குச்சியில் பொறித்த எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. சின்னவன் படத்தில் எல்லாவற்றின் மேலும் லேசாக மஞ்சள் படர்ந்திருந்தது, ஓரங்கள் கொழகொழவென்று இருந்தன. இதற்கு மேல் என்ன யோசனை? பெரியவன்தான் என்று முடிவு கட்டி, சின்னவனை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடியும் விட்டாள்.

அப்போது கணவர் வேலைக்குக் கிளம்பி வந்து நின்றார். "வாயில வெச்சு எடுத்துப் பாத்தியா?"

"எதுக்கு? அதான் தெளிவா இருக்கே."

"லிஃப்ட்டை ஆளில்லாம ஓட்டிப் பாத்துட்டு நான் கையெழுத்துப் போடறதில்ல."

சரியான பேச்சு. சரியாகப் பேசிவிட்டார் என்பதற்காகவே பல்லக்காவுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, ஏ-மூன்று குச்சியைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, இரண்டு போனிலும் படம் எடுத்தாள். அவர் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தார்.

பெரியவன் படத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். கன்னத்துப் பள்ளம் காணோம், நெற்றிச் சுருக்கம் காணோம். பத்து வயது குறைந்து, கல்யாண மாப்பிள்ளை போல இருந்தார். "இதை உடனே எனக்கு அனுப்பு. எங்க சூப்பர்வைசர்கிட்ட காட்டணும்."

பல்லக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தினமும் எதிரில் பார்த்த பல். எந்த இருட்டிலும் அவளுக்கு அது ஏ-மூன்றுதான். கையில் பிடித்த குச்சியும் ஏ-மூன்று. நேரில் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. படத்தில் குச்சி மட்டும் ஏ-மூன்றாக நின்றது. பல் பாலாக வெளுத்திருந்தது.

சின்னவனைப் பெட்டியிலிருந்து அவசரமாக எடுத்தாள். அதில் குச்சியும் மஞ்சள், பல்லும் மஞ்சள், பக்கத்துச் சுவரும் மஞ்சள். ஆனால் குச்சியும் பல்லும் அச்சுப் பிசகாமல் ஒரே மஞ்சள். கணவரும் உள்ள வயதோடு உள்ளபடி இருந்தார்.

கொழுந்தனுக்கு போன் போட்டாள். அவர் பெருமையாகவே சொன்னார். "அதான் அண்ணி அதோட விசேஷம். முகம்னு தெரிஞ்சா போதும், தானே அழகாக்கிடும். தோலை வழவழப்பாக்கும், பல்லை வெள்ளையாக்கும். குறைச்சு வைக்கலாம், ஆனா சுத்தமா நிறுத்த முடியாது. இந்தக் காலத்துல யாரு அண்ணி அதை நிறுத்தச் சொல்றாங்க?"

"நான் சொல்றேன். எனக்கு சின்னவனே போதும்."

"அவன் எல்லாத்தையும் மஞ்சளா காட்டுவானே?"

"காட்டட்டும். அவன் எல்லார்கிட்டயும் ஒரே பொய்யைச் சொல்றான், கழிச்சுக்கலாம். இவன் ஆளைப் பாத்துப் பேசறான்."

சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. மருத்துவமனையிலிருந்து வந்த பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். டீச்சரின் உதட்டுக்கு மேல் தோல் வழவழவென்று பளிங்காக இருந்தது. மூன்று மாசமாக மனது நொந்து கிடக்கும் ஒருத்திக்கு இவ்வளவு பளபளப்பு ஏது? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி, அந்தப் படத்துக்குப் பொருத்தமாக இரண்டு கேப் செய்து அனுப்பியிருக்கிறாள். கேப் இரண்டும் படத்துக்குச் சரி, வாய்க்குத்தான் தப்பு. கண் போகவில்லை. கண் போகவே இல்லை. பல்லக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, விட்டுவிட்டுச் சிரித்தாள். அவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் கையை உருவிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை சின்னவனோடு மருத்துவமனைக்குப் போனாள். வரவேற்பு மேஜையில், ரோஜா நிற உறை போட்டுக்கொண்டு, இன்னொரு பெரியவன் உட்கார்ந்திருந்தான். மூன்று கேமராவும் அவளையே பார்த்தன.

"இது புதுசாம்மா?"

"ஆமாக்கா, நாலு மாசம் ஆகுது. படம் சூப்பரா வருது" என்றாள் அந்தப் பெண்.

பல்லக்கா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. பல்லைப் பற்றிய கவலை ஒரு பக்கம், அதைவிடப் பெரிய கவலை ஒன்று இன்னொரு பக்கம். "அப்போ என் படமெல்லாம்?"

"உனக்கு என்னம்மா குறைச்சல்? முகத்துக்கு அதையே வெச்சுக்கோ. பல்லுக்கு மட்டும் வேண்டாம்."

டீச்சர் மாஸ்கைக் கழற்றி உட்கார்ந்தாள். சின்னப் பெண்தான், முப்பதுகூட இருக்காது. படம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பல்லக்கா முன்னால், பக்கவாட்டில், கொஞ்சம் கீழிருந்து என்று ஒன்பது படம் எடுத்தாள். குச்சியும் பல்லும் ஒரே மஞ்சளில் விழுந்தன. பொய்யைக் கழித்துவிட்டால் மிச்சம் சுத்தமான ஏ-இரண்டு, விளிம்பில் மட்டும் ஒரு சாம்பல் கண்ணாடித்தனம். அதை இதற்கு முன் வந்த எந்தப் படத்திலும் அவள் பார்த்ததில்லை.

மூன்று நாள் பூச்சு பூச்சாக வைத்தாள், சுட்டாள், சுரண்டினாள், மறுபடி வைத்தாள். சனிக்கிழமை கேப்பைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மாட்டும்போது அறை மூலையில் நின்றாள். டாக்டர் விளக்கை அணைத்து, டீச்சரை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வரவேற்புப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்.

"இதுல எது புதுப் பல்லு, சொல்லு பாப்போம்."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு தடவை படம் எடுத்த வாய் ஆயிற்றே என்ற தைரியத்தில், சந்தேகமே இல்லாமல் பக்கத்துப் பல்லைக் காட்டினாள்.

"அது என்னோடது" என்றாள் டீச்சர். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடக்கி வைத்த மூன்று மாசச் சிரிப்பும் ஒன்றாக வந்தது போல, குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டருக்கும் தொற்றிக்கொண்டது. தப்பாகக் காட்டிய பெண்ணும் சிரித்தாள். பல்லக்கா மட்டும் கிட்டே போய் அந்தப் பல்லை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். சந்தோஷம் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது டாக்டர் மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். மேலே வெளியூர் லேபின் முகவரி ஏற்கனவே ஒட்டியிருந்தது. கொஞ்சம் சங்கடத்தோடு, நகத்தால் அந்தச் சீட்டைப் பிய்த்து எடுத்தார். பாதிதான் வந்தது.

"ஏழு பேரோட அச்சு இருக்கு அக்கா. பதினஞ்சு நாள் ஆகுமா?"

"பத்து நாள்ல தரேன் டாக்டர்."

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மாள் பெட்டியையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"உள்ள என்னங்க, நகையா?"

"பல்லுங்க. ஏழு பேரோடது."

அந்த அம்மாள் மெல்ல எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். பல்லக்கா பெட்டியை ஜன்னல் பக்கத்துக் காலி இருக்கையில் வசதியாக உட்காரவைத்தாள்.