சிவப்புத் துணியும் அக்காவின் தும்புத்தடியும்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். என் செபப் புத்தகத்துக்குள் ஒரு சிவப்புக் கடித உறை இருக்கிறது. உள்ளே, சோளப்பொரி இலவசம் என்று ஜேர்மன் மொழியில் அச்சடித்த ஒரு துண்டு. அதைக் காணும்போதெல்லாம் அக்கா கூட்டுகிற தும்புத்தடி ஓங்கி இறங்கும் சத்தம் கேட்கிறது.

அக்கா என் கூடப்பிறந்தவர் இல்லை. நாங்கள் இருவரும் ஹம் நகரத்திலிருந்து ரயிலில் போய் ஒரு தியேட்டரில் துப்புரவு வேலை செய்தோம். படம் முடிந்து சனம் எழும்பும் முன்பே கதவடியில் வாளியோடு நிற்போம். அதனால் எல்லாப் படத்துக்கும் முடிவு மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்த முறை வந்தது ஒரு பேய்ப்படம். தைவான் நாட்டுச் சனம் தங்களுக்குள் சொல்லும் கதையாம். கலியாணம் ஆகாமல் செத்த பெண்ணின் தலைமயிரைச் சிவப்பு உறையில் வைத்துத் தெருவில் போடுவார்களாம். எடுக்கிறவன்தான் மாப்பிள்ளை. படத்தில் அந்தப் பெண் முகத்தைச் சிவப்புத் துணியால் மூடிக்கொண்டு வருவாள். பேசமாட்டாள். யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறாளோ அவன் கழுத்து முறியும், வாயால் இரத்தம் கொட்டும். "உந்தப் பேய்க்கு உடனை விசா குடுத்திட்டாங்கள், பாத்தியே பிள்ளை? எங்களை எத்தினை வருசம் இழுத்தடிச்சவங்கள்!" என்று சுவரில் ஒட்டிய விளம்பரப் படத்தின் முன்னால் நின்று அக்கா சிரித்தார்.

அப்படிச் சிரித்தவர்தான். ஆனால் அவருக்கு ஒரு தம்பி இருந்தான். இருக்கையில் ஒட்டிய சுவிங்கத்தைச் சுரண்டியபடி ஒரே ஒரு முறை சொன்னார். ஊரில் சுற்றிவளைப்பு நடந்த அன்று ஆமி எல்லாரையும் கோயில் வளவில் வரிசையாக நடக்கவிட்டது. கதிரையில், தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்து ஒருவனை இருத்தியிருந்தார்கள். ஆளைக் கண்டு தலையை ஆட்டி ஆமிக்குக் காட்டிக்கொடுப்பான், தலையாட்டி என்போம். தம்பி முன்னால் வந்ததும் அந்தச் சாக்கு ஆடியது. பிறகு தம்பி கடற்கரையில் கிடந்தான். விரல்களில் நகம் இருக்கவில்லை.

படம் நன்றாக ஓடியதால் தியேட்டரில் ஒரு விளையாட்டு வைத்தார்கள். முன்பே சொல்லியிருந்தார்களாம், ஜேர்மன் மொழியில் சொன்னது எங்களுக்கு விளங்கவில்லை. நுழைவுச்சீட்டு கிழிக்கும் மனிதர் நல்லவர், எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தருவார். அவரைச் சிவப்புத் துணியால் மூடி, இரண்டு ஓட்டை வெட்டி, வாசலில் கதிரையில் இருத்திவிட்டார்கள். வரிசையில் வருகிறவர்களில் அவர் யாருக்குத் தலையாட்டுகிறாரோ அவருக்குச் சிவப்பு உறை கிடைக்கும்.

பின்னேரக் காட்சிக்குச் சனம் நின்றது. மண்டபத்தைக் கூட்டிவிட்டு அக்கா வெளியே வந்தார். வரிசை. கதிரை. இரண்டு ஓட்டை. தலை ஆடியது.

தும்புத்தடி முறியும்வரை அடித்தார். கதிரையோடு விழுந்தவரை முறிந்த தடியால் முகத்தில் குத்தினார். "ஆரைக் காட்டுறாய்? இனி ஆரையடா காட்டுவாய்?" சனம் இதுவும் விளையாட்டு என்று கைதட்டியது, சிலர் போனில் படம் பிடித்தார்கள். சிவப்புத் துணியில் இரத்தம் தெரியவில்லை. வெள்ளைத் தரையில் ஒரு பல்லோடு சேர்ந்து வடிந்தபோதுதான் ஒரு பெண் வீரிட்டாள்.

மேலாளர் அம்மா ஓடிவந்தார். பொலிசுக்கு அடிக்கப் போனைக் கையில் எடுத்தபடி, ஏன், ஏன் என்று கத்தினார். அக்கா இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு முழந்தாளில் இருந்தார். அக்காவின் வேலை போகும், பிடித்து மறியலிலும் அடைப்பார்கள். நான் பேக்கரியில் பிழையான பாணைத் தந்தாலும் பேசாமல் வாங்கிவருகிறவள். ஆனால் அங்கே பேச வேறு யாரும் இல்லை. தரையில் கிடந்த ஈரத் துணியை எடுத்து என் தலையில் போட்டேன். கதிரையை நிமிர்த்தி அதில் இருந்தேன். தலையாட்டினேன். துணியை இழுத்துவிட்டு, அக்காவைக் காட்டி, எனக்குத் தெரிந்த ஜேர்மனில் "தம்பி, தலை இப்படி, செத்தான்" என்றேன்.

மேலாளர் போனை இறக்கினார். வாயைப் பொத்தியிருந்த சீட்டுக் கிழிக்கும் மனிதர், பொலிஸ் வேண்டாம், நான் கதிரையால் விழுந்தேன் என்று சொல்லிவிட்டார். இரத்தத்தை நாங்கள்தான் துடைத்தோம். கதிரைக்குக் கீழே கிடந்தது இந்த உறை.

ரயிலில் அக்கா தள்ளிப்போய் இருந்தார்.

"ஏனக்கா அங்கை இருக்கிறியள்?"

"நீயும் என்னைப் பாத்துத்தானே ஆட்டினனி."

"ஐயோ அக்கா, நான் மேலாளரைப் பாத்தெல்லோ!"

"ஓட்டைக்குள்ளாலை உன்ரை கண் தெரிஞ்சது பிள்ளை."

வேலை தப்பியது. பிறகும் ஒன்றாகத்தான் கூட்டினோம். ஆனால் எனக்கு நேரே அக்கா நின்றதில்லை. நான் எதற்காவது ஓம் என்று தலையை அசைத்தால் அவர் கை பிடரிக்குப் போகும். போன பனிக்காலம் கண்ணை மூடிவிட்டார்.

உறையை இப்போதும் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நான் மேலாளரைப் பார்த்துத்தான் ஆட்டினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த ஓட்டைகளால் பார்த்தபோது கண்ட முகங்களில் அக்காவின் முகம் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கிறது. அன்று போனில் படம் பிடித்த பிள்ளைகளை யாருக்காவது தெரிந்திருந்தால் அதை வாங்கிப் பாருங்கோ. என் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கோ.