மூன்று ஷிஃப்ட் கோழிகள்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கோழிக்குப் புளித்த தானியம் போட்ட கதையை எழுத ஒரு ஆள் வேண்டுமா என்ன? அதுவும் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கவிழ்ந்த ஆள். ஹைதராபாத்தில் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த எனக்குத் தமிழ் எழுத்து வந்ததே அம்மா பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கி வரும் வாரப் பத்திரிகைகளால்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த ஒரு விருந்தாளியிடம் நைனா, "இவன் புளிச்ச தண்ணி ஊத்தி கோழிங்களயே கெடுத்துட்டான்" என்று என் முன்னாலேயே சொன்னார். நைனா என்றால் என் அப்பா. விருந்தாளி "அடடா" என்று தலையாட்டியபடி ஆம்லெட்டைத் தின்றார். அந்த ஆம்லெட் எந்தக் கோழியிடமிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நைனாவும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று ஆண்கள் வேலைக்குப் போனார்கள். நைனா, அண்ணன், அம்மாவின் தம்பியான மாமா. மூவருக்கும் ஒரே சர்க்கார் கம்பெனி, ஒரே குவார்ட்டர்ஸ். ஷிஃப்ட் மட்டும் வேறு வேறு. ஒருவர் காலையில் போவார், ஒருவர் மத்தியானம் போவார், ஒருவர் ராத்திரி போவார். அடுத்த வாரம் அது மாறும். நான்காவது ஆண் நான். எனக்கு எந்த ஷிஃப்டும் இல்லை. ஒன்பது மணிக்கு எழுந்து, இரானி ஹோட்டலுக்குப் போய், கேரம் ஆடி, சாப்பாட்டுக்கு வருவேன். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மற்ற மூவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. அவற்றை யாரும் வளர்க்கவில்லை, அவை இருந்தன, அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் பின் வராந்தாவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, ரேஷன் சோள மூட்டையின் அடிப்பாகம் நனைந்து புளித்துவிட்டது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கொல்லையில் கொட்டினாள். எப்போதும் சோளத்தைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்கிற அந்தக் கோழிகள், அன்று கல்யாணப் பந்தியில் முதல் வரிசை பிடிக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அடுத்த சில நாளில் முட்டைகளும் கூடின. ஓடு கெட்டி, மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சு நிறம்.

எனக்கு வாழ்க்கையில் ஒரு வேலை கிடைத்துவிட்டது.

ஒரு பழைய மண்பானையில் சோளமும் நொய்யும் போட்டு, தானியம் முழுகத் தண்ணீர் ஊற்றி, துணியால் வாய் கட்டி, குளியலறைக்குப் பின்னால் வைத்தேன். தினம் ஒரு தடவை குச்சியால் கிளற வேண்டும். இரண்டு மூன்று நாளில் குமிழி விடும், புளித்த மாவு வாசனை வரும். அப்போது ஒரு கிண்ணம் எடுத்துக் கோழிக்குப் போட்டுவிட்டு, எடுத்த அளவுக்குப் புதுத் தானியம் சேர்க்க வேண்டும். பழைய புளிப்பு புதியதையும் புளிக்கவைத்துவிடும். இதை நானே கண்டுபிடித்தேன் என்று சாப்பாட்டின்போது எல்லோருக்கும் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

"நம்ம ஊர்ல மன்சன் குடிக்கிற கூழுடா அது" என்றார் நைனா. "கோழிக்கு ஊத்திக்கினு இருக்கான். நாளைக்கு வெங்காயமும் கேக்கும்."

"பச்ச மொளகா நக்கோ, வேணாம்னு சொல்லுமா?" என்றான் அண்ணன்.

"நாத்தம் இந்தப் பக்கம் வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "உன் கோழி, உன் பான. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்."

மாமா மட்டும் சிரித்தார். மாமா சிரித்தால் அது எழுத்து மூலமான கண்டனம் மாதிரி.

ஒரு மாதம் முட்டை வந்தது. நான் வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் பேசிப் பார்த்தேன், யாரும் அடக்கவில்லை. பிறகு திடீரென்று முட்டை குறைந்தது. பிறகு நின்றேபோனது. கோழிகளோ நன்றாகத்தான் இருந்தன. மிக நன்றாக இருந்தன. நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடின, பெரிய அதிகாரிகள் கேன்டீனிலிருந்து வெளியே வருகிற மாதிரி. வேலியை ஒரே தாவலில் தாண்டுகிற கோழி இப்போது வேலியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

நைனா தீர்ப்புச் சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாக்கறேன். முட்ட வரலன்னா கோழி குழம்புக்கு, நீ நாச்சாரத்துக்கு."

நாச்சாரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா ஃபேக்டரியில் எனக்கு ஹெல்பர் வேலை ஒன்றை மாமா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். விடிவதற்குள் எழுந்து, பஸ் மாறி, ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போக வேண்டும். என் சிநேகிதன் ஒருவன் அங்கேதான் இருந்தான். சிகந்திராபாத் ரயில்வே காலனிப் பையன், என்னோடு சேர்ந்து ஃபெயிலானவன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் வேலையில் சேர்ந்துகொண்ட துரோகி. அவன் கையில் எப்போதும் பிளாஸ்டிக் உருகிய வாசனை. என்னைக் காப்பாற்ற இனி அந்த ஆறு கோழிகள்தான் இருந்தன.

எனவே முழு மனதோடு யோசித்தேன். பானையில் குறை இல்லை, எப்போது பார்த்தாலும் விளிம்பு வரை நிறைந்திருந்தது. என்ன பானை, எடுக்க எடுக்கக் குறையவில்லையே என்று பெருமைப்பட்டேன். நாற்றம்கூடக் குறைந்துவிட்டது. என் கைப்பக்குவம் கூடிவிட்டது என்று நினைத்தேன். அம்மா வேறு சோள மூட்டை சீக்கிரம் காலியாவதைப் பார்த்து, "எலி" என்று முடிவுகட்டி, எங்கிருந்தோ எலிப்பொறி வாங்கி வந்து வைத்தாள். அதில் ஒரு தடவை மாமாவின் கால் கட்டைவிரல் மாட்டியது. வராந்தா மூலையில் மாமாவுக்கு என்ன வேலை என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். கம்பெனி சைரன் ஊதினால் கோழிகள் பானைப் பக்கம் ஓடின. காலைச் சைரனுக்கும் ஓடின, மத்தியானச் சைரனுக்கும் ஓடின. ராத்திரிச் சைரனுக்கு மட்டும் கூண்டை விட்டு இறங்கவில்லை, நைட் ஷிஃப்டுக்கு அவை ஒத்துக்கொள்ளவில்லை. சிநேகிதனிடம் கேட்டேன். "சைரன் சத்தத்துல பயந்து முட்ட நின்னுருக்கும் ரே. பஞ்சு வெச்சு காத அடை" என்றான். ஒரு கோழியைப் பிடித்துக் காதைத் தேடியும் பார்த்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பெனியில் போனஸ் ஸ்ட்ரைக் வந்தது. மூன்று ஷிஃப்டும் வீட்டில். நான் பிறந்ததிலிருந்து அந்த மூவரையும் ஒன்றாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததாக ஞாபகம் இல்லை. முதல் நாள் காலையிலிருந்தே மூவரும் இருப்புக்கொள்ளாமல் நடந்தார்கள். நைனா அண்ணனைக் கடைக்குப் போகச் சொன்னார். அண்ணன் மாமாவை யூனியன் ஆபீசுக்குப் போய்வரச் சொன்னான். மாமா நைனாவைப் பார்த்து, "நீங்க செத்த படுத்து எழுந்திருங்க, மாமா" என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். யாரும் நகரவில்லை. கேரம் ஆடுகிறவர்கள் எல்லாம் கோஷம் போட கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டதால் நானும் வீட்டிலேயே இருந்தேன். கொல்லையில் குளியலறைப் படியில் உட்கார்ந்து கோழிகளைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு, யாராவது மனசு மாறி வரமாட்டார்களா என்று மேனேஜ்மென்ட் வழக்கம்போல் சைரனை ஊதியது. அன்று அந்தச் சைரனுக்கு டியூட்டிக்கு வந்தவை எங்கள் கோழிகள் மட்டும்தான். ஆறும் ஆடி ஆடி ஓடிவந்து பானையைச் சுற்றி நின்றன.

அடுத்து சமையலறைக் கதவு வழியாக நைனா வந்தார், கையில் ஒரு சொம்பு. வீட்டின் பக்கச் சந்து வழியாக அண்ணன் வந்தான், கையில் டிபன் கேரியரின் ஒரு அடுக்கு. வராந்தாவிலிருந்து மாமா, லுங்கி மடியில் ஒரு மடி சோளத்தோடு, விரலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தார்.

கோழிகள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக் கொக்கரித்தன.

"கொசு முட்ட வெச்சிருக்குதான்னு பாக்க வந்தேன்" என்றார் நைனா.

"சொம்பு எடுத்துக்கினா, நைனா?" என்றேன்.

அவர் அண்ணனைப் பார்த்தார். "நீ இன்னாடா?"

"கைக்கு? ஏன் என்னக் கேக்கறீங்க? நான் செகண்ட் ஷிஃப்ட் போறதுக்கு முன்னால ஒரு கிண்ணம் போடுவேன். பாவம், இவன் போடறானோ இல்லையோன்னு."

"செகண்ட் ஷிஃப்ட்ல நீயா?" என்றார் மாமா. அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது. "நைட் முடிச்சி வந்து நான் போட்டுக்கினு இருந்தேனே. என்னப் பாத்துதான் ஓடியாருதுன்னு நெனச்சேன்."

நைனா சொம்பைப் பார்த்தார். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சி வந்தா, என்னையும் பாத்துதான் ஓடியாரும்" என்றார் மெதுவாக.

விஷயம் அவ்வளவுதான். முதல் நாள் கேலி செய்துவிட்ட வாய்களால் பிறகு ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஷிஃப்ட் மாற மாற மூன்று பேரும் திருட்டுத்தனமாகப் போட்டிருக்கிறார்கள். நான் எழுந்ததும் போடுவது நாலாவது. நான் சாப்பாட்டின்போது சொன்ன விதியை மட்டும் மூவரும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, எடுத்த அளவுக்குப் புதுத் தானியம் போட்டுப் பானையை நிறைத்திருக்கிறார்கள். புளிக்க நேரமே இல்லாத சோளத்தை நாலு வேளை தின்று கோழிகள் கொழுத்துவிட்டன. கொழுத்த கோழி முட்டை போடாது. கம்பெனியில் மூன்று ஷிஃப்டும் சேர்ந்து ஒரு வேலையை முடிக்காது என்று மாமா அடிக்கடி சொல்வார். வீட்டில் ஒரு வேலையை மூன்று ஷிஃப்டும் தனித்தனியாக முடித்திருந்தன.

அன்றிலிருந்து ஒரே வேளை, அதுவும் நன்றாகப் புளித்தது. பானை மீண்டும் நாற ஆரம்பித்தது. கோழிகள் மெலிந்தன. ஸ்ட்ரைக் முடிந்தது. தீபாவளியும் வந்தது. முட்டை வரவில்லை.

எண்ணெய் தேய்த்த தலையோடு விசாரணை நடந்தது. விசாரணைக் குழுவில் நைனா, அண்ணன், மாமா. அதாவது குற்றம் செய்தவர்களே நீதிபதிகள். கம்பெனியிலும் அப்படித்தான் நடக்கும் என்று மாமா விளக்கினார்.

"நீ போட்டது எனுக்குத் தெரியாது, நான் போட்டது உனுக்குத் தெரியாது" என்றார் நைனா. "அப்போ நம்ம மேல தப்பில்ல. கோழி குடுத்தத துன்னுச்சு. அது மேலயும் தப்பில்ல."

"ஹவ், ஆமா" என்றான் அண்ணன்.

"மேப்பார்வ யாருது?" என்று கேட்டார் மாமா.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கோழிகளுக்கு மன்னிப்பு, எனக்கு நாச்சாரம்.

"கறியாவது நான் ஆக்கமாட்டேன், பயப்படாத" என்று அம்மா ஆறுதல் சொன்னாள். அது கோழிகளுக்கா எனக்கா என்று தெரியவில்லை.

நான் வேலைக்குக் கிளம்பிய காலையில், கூண்டில் ஒரு முட்டை இருந்தது. அதை நைனாவிடம் காட்டினேன். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்திருந்தவர், உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "பஸ்ஸு போயிடப் போவுது" என்றார். இப்போது பானையை அவர்தான் கிளறுகிறார், முட்டையும் நிற்காமல் வருகிறது. அதுதான் ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட்.

முதல் நாள் மத்தியானம், ஃபேக்டரிச் சுவர் ஓரமாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிநேகிதனிடம் இந்த அநியாயத்தை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். மூன்று பேரும் தப்பு செய்தார்கள், கோழிகள் நாலு வேளை தின்றுவிட்டு ஒரு முட்டைகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தன, எல்லோரும் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள், நான் மட்டும் இங்கே என்றேன்.

அவன் என் டப்பாவில் அம்மா வேகவைத்துப் போட்டிருந்த அந்தக் காலை முட்டையை எடுத்து, ஓட்டை உரித்தபடியே சொன்னான்:

"அந்த வீட்ல நாலு வேள துன்னுட்டு முட்ட போடாம உக்காந்திருந்தது கோழி மட்டுமா ரே?"