தோளில் திறக்கும் கவுன்

என் தம்பி பெண்டாட்டி தையல்காரி. ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவாள். வாய்த்துடுக்கு வேறு. "சாப்பாட்டைக் குறைக்கிறியா, இல்ல நான் தையலைப் பிரிக்கட்டுமா?" என்று துணி கொடுத்தவர்களையே கேட்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே திரும்ப வருவார்கள்.

போன மழைக்காலத்தில் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் மூக்கு ஒழுகியது. இவள் மகளுக்கும் சளி வந்து போனது. அதன்பின் ஒருநாள் புதுக் கவுனைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டாள். "கையைத் தூக்குடி."

வலது கை தொங்கியபடியே இருந்தது. "வரமாட்டேங்குதும்மா."

கவுன் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று இவள் முடிவுகட்டிவிட்டாள். அளவெடுக்கும்போது நெளிகிற பிள்ளைகளை இவள் கொஞ்சமா பார்த்திருக்கிறாள்? தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்போதும் கை எழவில்லை.

பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா கேட்டதற்கு, "விழுந்துட்டா" என்றாள். அடித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுளுக்கு என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். சளியைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

கை சுத்தமாகத் துவண்ட பிறகு நான்தான் இருவரையும் இழுத்துக்கொண்டு போனேன். இம்முறை அடி, சளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "அடியால வந்ததில்லம்மா. சளி கொடுக்கிற என்டெரோவைரஸ்ல சில வகை, ரொம்ப அபூர்வமா முதுகுத்தண்டுல கையை அசைக்கிற நரம்பைத் தாக்கிடும்னு நினைக்கிறோம்."

"போலியோ சொட்டு மருந்து விடாம போட்டோமே?" என்றேன் நான்.

"இது போலியோ இல்ல. அதே குடும்பத்து வேற வைரஸ். அன்னிக்கே மூக்குச் சளியை எடுத்துச் சோதிச்சிருந்தா எதுன்னு தெரிஞ்சிருக்கலாம். இப்ப கஷ்டம்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா கை வந்திருக்குமா?" என்று கேட்டாள் தம்பி பெண்டாட்டி.

"அப்படியும் சொல்ல முடியாது. இதுக்குன்னு மருந்து இல்ல. பயிற்சிதான்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். அடி காரணமில்லை என்றது அவள் காதில் ஏறவே இல்லை. "என் மானத்துக்குப் பயந்து பொய் சொன்னேனேக்கா" என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியில் குழந்தையின் விரல்கள் அசையத் தொடங்கிவிட்டன. தோள்தான் இன்னும் எழவில்லை. கடையில் இவள் யாரையும் கேலி செய்வதில்லை, அளவெடுக்கும்போது முகத்தையும் பார்ப்பதில்லை.

நேற்று ஒரு கவுன் தைத்து முடித்தாள். தோளில் பொத்தான் வைத்துத் திறக்கிற மாதிரி, கையைத் தூக்கவே வேண்டாம். மகளைக் கூப்பிட்டாள்.

அம்மா கழுத்தில் அளவு டேப்பைப் பார்த்ததுமே குழந்தை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது.

"தூக்கிட்டேன்மா. அடிக்காத."