பிஸ்கட் டின்னில் மிச்சமிருந்த ஐந்து மாத்திரைகள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் நீல நிற பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. திருச்சிக்குப் போய் வரும்போதெல்லாம் அதை நிரப்புவேன். இங்கே டாக்டர் எழுதித் தராமல் கிடைக்காத ஆன்டிபயாடிக், அங்கே மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டால், மிச்ச மாத்திரைகள் டின்னுக்குத் திரும்பிவிடும். காத்தோங்கில் இருக்கும் என் அண்ணி, தொண்டை வலித்தால் எனக்குத்தான் போன் செய்வார்.

"தம்பி, உங்க கிளினிக் திறந்திருக்கா லா?"

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகமும் பலவீனம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றாள்.

"டாக்டர்கிட்ட போனா பாதி நாள் போயிடும். டின்ல பாருங்க."

முந்தைய வருடம் எனக்கு வாங்கியதில் ஐந்து மாத்திரைகள் இருந்தன. கொடுத்தேன். எரிச்சல் நின்றது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. இம்முறை முதுகுவலியும் குளிர் நடுக்கமும் சேர்ந்துகொண்டன.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அவளால் பேச முடியவில்லை. டாக்டர் என்னிடம் கேட்டார். தமிழ்ப் பெண், என் மகள் வயதிருக்கும்.

"அங்கிள், கடைசி மூணு மாசத்துல ஆன்டி ஏதாச்சும் ஆன்டிபயாடிக் எடுத்தாங்களா?"

"இல்லம்மா."

நாளிதழில் துணையாசிரியராக வேலை பார்த்தவன் நான். மிச்ச மருந்தைச் சாப்பிடாதீர்கள் என்ற செய்திக்குப் பல தடவை தலைப்புப் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் டின்னைப் பற்றிச் சொல்லக் கூசியது. வேறு காரணம் இல்லை.

ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போயின. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இரண்டு நாளாகும் என்றார். அதுவரை, இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஊசியைப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையின் அளவுக்கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் மாலை, அது முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை முடிவு வந்தது. அந்த ஊசிக்கு இந்தக் கிருமி அடங்காது. மருந்தை மாற்றிவிட்டு, டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இம்முறை சொன்னேன். ஐந்து மாத்திரை, அதன் பெயர், கொடுத்த நாள்.

அவர் கோபப்படவில்லை. "ரிசல்ட் வர்ற வரைக்கும் எங்களுக்கும் ஊகம்தான் அங்கிள். நீங்க சொல்றத வெச்சுத்தான் ஊகிக்கிறோம். அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் இப்ப மாத்தின இந்த ஊசியிலதான் ஆரம்பிச்சிருப்பேன்."

மறுநாள் காய்ச்சல் விட்டது. சிறுநீரகம் மீளவில்லை.

வீடு திரும்பிய வாரத்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, டின் எங்கே என்றாள். மாத்திரைகளை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டேன் என்றேன்.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் புக்கிட் மேராவில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் ஊசி குத்துமுன் நர்ஸ் கேட்பார்: "வேற ஏதாவது மருந்து எடுத்தீங்களாம்மா?"

"அவரக் கேளுங்க," என்பாள் என் மனைவி, கையை நீட்டியபடி. "எனக்கு என்ன குடுத்தார்னு அவருக்குத்தான் தெரியும்."

நர்ஸ் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார். நான் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, ஒவ்வொரு மாத்திரையாகப் பெயரைப் படிப்பேன்.