இடது விளக்கின் மூடி

என் பழைய காரில் முன்விளக்குகளை மறைக்கும் மூடிகளில் வலது மட்டும் இறங்கியது. மெக்கானிக் இடது மூடியை அழுத்தினார். கையை எடுத்ததும் மேலே வந்தது.

"விட்டா தொறந்துக்குதுங்கம்மா."

முகவாதம் வந்தபின் அப்பாவுக்கும் இடது கண் மூடாது. வேலை பார்த்த விருத்தாசலத்துப் பீங்கான் சூளையின் துளை வழியே வலது கண்ணால் தீயைப் பார்க்கும்போது, இடதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். தூக்கத்திலும் அது திறந்தே இருக்கும். குறட்டை வராவிட்டால் விழித்திருக்கிறார் என்று எனக்குக் கணக்கு.

அன்று மத்தியானம் வலது கன்னம் தலையணையில் புதையப் படுத்திருந்தார். குறட்டை இல்லை. ஸ்கூல் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யாருகிட்டடி பேசுற?" என்று அம்மா வந்தாள்.

"அப்பாகிட்டதான். கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவரைத் தொட்டதும் அம்மா அலறினாள். பிறகு அந்த இமையை இறக்கி இறக்கிப் பார்த்தாள். அது மூடி நிற்கவில்லை.

மெக்கானிக் ஸ்குரூ டிரைவர் எடுக்கப் போனார். மூடியை நான் உள்ளங்கையால் அழுத்தினேன். எடுத்தால் திறந்துவிடும்.