நீலச் சட்டைக்காரர் இன்னும் இறங்கவில்லை

என் சித்தப்பா காப்புக்காட்டு கேட்டில் காவலர். சிகரத்துக்கு ஏறுகிறவர்கள் அவருடைய பதிவேட்டில் பெயர், சட்டை நிறம், நேரம் மூன்றையும் எழுத வேண்டும். இறங்கி வந்ததும் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் அவர் ‘இறங்கியாச்சு’ என்று எழுதுவார். “பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்னை இப்படிப் பார்க்கல” என்பாள் சித்தி.

போன மாதம் எனக்குக் கை அரித்தது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இல்லாத ஓர் ஆளைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். தனி ஆள், நீலச் சட்டை, காலை ஏழு மணி. சாயங்காலம் அவர் திருதிருவென்று விழிப்பதை ரசித்துவிட்டு உண்மையைச் சொல்வதாகத் திட்டம். நான் பந்து விளையாடிவிட்டு வருவதற்குள் சித்தப்பா அந்த ஆளைத் தேடி விசிலோடு மலையேறிவிட்டார்.

மறுநாள் மதியம் வீங்கிய முழங்காலோடு திரும்பினார். சொல்ல வாயெடுத்தேன். சித்தி என்னை அடுப்படிக்கு இழுத்தாள்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கூட்டம், ‘எல்லாரும் வந்துட்டோம்ண்ணே’ன்னு சொல்லுச்சு. இவரும் முகம் பார்க்காம எழுதிட்டாரு. ஒருத்தன் மேலயே கிடந்தான். நாலாம் நாள் பொணமாத்தான் கிடைச்சான்.”

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வார விடுமுறைக்கும் தேடி ஏறினார். சாப்பிடும்போதுகூட ஜன்னல் வழியாகச் சிகரத்தையே பார்த்தார். நான் உண்டாக்கிய ஆள்தான். ஆனாலும் வெளிச்சம் மங்கினால் அந்தப் பக்கம் திரும்ப எனக்கே பயம். பாறை நடுவில் நீலமாக ஏதோ நகர்கிற மாதிரி இருக்கும்.

“இன்னும் ஒரு தடவை ஏறினா, அப்புறம் ஊன்றுகோல்தான்” என்றார் டாக்டர். நேற்று சித்தப்பா மறுபடியும் ஷூவை எடுத்தார். அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

“சித்தப்பா, அப்படி ஒரு ஆளே இல்ல. நான்தான் விளையாட்டுக்கு எழுதினேன்.”

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார், இறங்கி வருகிறவர்களைப் பார்ப்பதுபோல. பதிவேட்டைத் திறந்து நீலச் சட்டைக்கு நேரே ‘இறங்கியாச்சு’ என்று எழுதினார்.

“ஏண்டா எருமை, இத்தனை நாளா மேலயேவா இருந்த?”

கேட்டைப் பூட்டும்போது மலையைப் பார்த்து ஒரு விசில் அடித்தார். இனி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பதில் வந்தால் இரண்டு பேர் கேட்டதாக இருக்கட்டும்.